ஆளில்லாத பெயர்

அம்மா கூப்பிட்டாள். ஊசிக்காரி பதில் சொல்லவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, "இருக்கேம்மா" என்ற ஒரே சொல். நடு அறைக்கும் சமையலறைக்கும் இடையே, துவைத்த துணி மூட்டையும் ஓடாத மின்விசிறியும் போட்டு வைத்திருந்த நீள நடையிலிருந்து, சுவரை ஒட்டிக்கொண்டே வருகிற மாதிரி மெதுவாக வந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, தினமும் செய்கிறபடியே பின்கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் முனகிக்கொண்டே போய் ஓட்டையில் விழுந்தது. ஊசிக்காரி தன் கட்டிலில் உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அத்தனையும் கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டது வேண்டுமென்றேதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிறவள் அவள். ஊசிக்காரி என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். ஆனால் பெற்றவள் வைத்த பெயரைச் சொன்னால் இனித் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். அந்தப் பெயரைச் சட்டப்படி விட்டாயிற்று. புதுப் பெயர் அரசிதழில் அச்சாகி அன்றைக்குத்தான் கைக்கு வந்திருந்தது. அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு தடவை அந்தப் புதுப் பெயர் வர வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அதைக் கேட்காமல் சாகக் கூடாது என்கிற அளவுக்கு அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

எல்லாம் சில மாதங்களுக்கு முன்னால் மாமா கிளப்பிவிட்ட வினை. தன் அக்காவின், அதாவது அம்மாவின், முட்டிவலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்த மனிதர், காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். போகாமல், "முதல்ல போனவ இருந்திருந்தா இந்நேரம் உனக்குக் கைக்கு உதவியா இருந்திருப்பாக்கா" என்று பெருமூச்சு விட்டார். அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஒளிந்திருக்கிற நரம்பைத் தடவித் தடவியே கண்டுபிடிக்கிறவள் ஊசிக்காரி, விடுவாளா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அவளுக்கு முன்னால் ஒருத்தி பிறந்திருக்கிறாள். மூன்று வயது வரை இந்த வீட்டில்தான் ஓடி விளையாடியிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அம்மா பின்கதவைச் சாத்தும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். "இருக்கேம்மா" என்று பதில் வந்திருக்கிறது. உள்ளேதான் இருக்கிறாள் என்று நம்பி அம்மா தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறாள். குழந்தை இருந்தது வெளியே. பக்கத்து மனையில் வீடு கட்டத் தோண்டிய குழி நிறைய மழைத் தண்ணீர். அதற்கப்புறமும் அம்மா தினமும் அந்த நேரத்துக்குக் கதவருகே நின்று அதே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். யார் சொல்லியும் நிறுத்தவில்லையாம். இரண்டாவதாக இவள் பிறந்ததும், வேறு பெயர் வைக்க யாரையும் விடவில்லை.

"கூப்பிட்டா பதில் சொல்ல ஒருத்தி வேணும்னு இருந்துச்சுடி" என்றாள் அம்மா. தலையைத் தூக்கவே இல்லை.

விவரம் தெரிந்த நாள் முதல் சாயங்காலமானால் அம்மா கூப்பிடுவதும், எந்த மூலையில் இருந்தாலும் தான் "இருக்கேம்மா" என்பதும், அதைக் கேட்ட பிறகே கதவு சாத்தப்படுவதும் தங்கள் வீட்டுச் செல்லம் என்று அவள் நினைத்திருந்தாள். தோழிகளிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள். இப்போது யோசித்தால் உடம்பெல்லாம் எரிந்தது. கூப்பிட்டது ஒருத்தியை, பதில் சொன்னது இன்னொருத்தி. இத்தனை வருஷமும் அவள் செத்தவளுக்குப் பதிலாள்.

அடுத்த நாளே வக்கீலம்மா வீட்டுப் படியேறினாள். வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னார். "மூணு வழி இருக்கும்மா. வீட்டுல மட்டும் புதுப் பேர் வச்சுக் கூப்பிட்டுக்கலாம், பத்திரத்துல எல்லாம் பழசே இருக்கட்டும். அதுக்கு என்கிட்ட வரவே வேண்டாம். இல்லையா, பழைய பேர் 'என்கிற' புதுப் பேர்னு ரெண்டையும் சேர்த்துப் பதிஞ்சுக்கலாம். அதுவும் வேணாம்னா முழுசா மாத்திடலாம். உறுதிமொழிப் பத்திரம், பேப்பர்ல விளம்பரம், அப்புறம் அரசிதழ்."

"முழுசா மாத்திடுங்க."

"என்னைக் கேட்டா ரெண்டாவது நல்லது. விட்ட பேரைச் சும்மா விடக் கூடாதும்மா. ஆளில்லாத வீட்டுல எவனும் குடியேறுவான். யாராவது உன் பழைய பேர்ல கடன் வாங்கிட்டு நிப்பான், நீ அலையணும்."

"யார் வேணா குடியேறட்டும்" என்றாள் ஊசிக்காரி. போதாக்குறைக்கு விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: அந்தப் பெயருக்கும் எனக்கும் இனி எந்தப் பாத்தியதையும் கிடையாது. "என்னம்மா, சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கு" என்று வக்கீலம்மா சிரித்தார். ஆனாலும் சேர்த்தார்.

இப்போது நடையிலிருந்து பதில் வந்துவிட்டது. அவள் முதலில் சந்தேகப்பட்டது அம்மாவைத்தான்.

சந்தேகம் என்பது ஈரத் துணி மாதிரி. பட்ட இடமெல்லாம் ஊறும். அம்மாவே குரலை மாற்றிப் பதில் சொல்லிக்கொள்கிறாளோ? பேரை மாற்றிய கோபத்துக்குப் பழிவாங்குகிறாளோ? மாமாவும் கூட்டோ? அடுத்த சாயங்காலம் அவள் சமையலறை வாசலிலேயே போய் நின்று, அம்மாவின் வாயையே பார்த்தாள். குழம்புச் சட்டியின் ஆவியில் அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. பின்கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மா பழைய பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டு உதடுகளை மூடிக்கொண்டாள். மூடிய உதடுகளை ஊசிக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேம்மா."

அவளுக்குப் பின்னால். நடையில். நேற்றைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

ஊசிக்காரி திரும்பிப் பார்த்தபோது துணி மூட்டைதான் இருந்தது. மழைக்கு நனைந்த மண்ணின் வாசனை அடித்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. அம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி அடுப்பை அணைத்தாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு பூரிப்பு. ஊசிக்காரிக்கு அந்தச் சத்தத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"யாரும்மா பதில் சொன்னது?"

"நீதான் சொல்ல மாட்டேங்கிறியே" என்றாள் அம்மா. "பசிக்குதா, தட்டு வைக்கட்டுமா?"

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஊசி குத்துவதற்கு முன் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. காத்திருந்து அலுத்தவர்கள், காது மந்தமானவர்கள், பயந்தவர்கள், யாராக இருந்தாலும் எந்தப் பெயருக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும். "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். பெயரை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயாலேயே வர வேண்டும். ஊசிக்காரி இதில் கறார். இதுவரை ஒரு குப்பிகூட மாறியதில்லை.

மறுநாள் ஒவ்வொரு குப்பியின் பெயர்ச்சீட்டையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். கூட வேலை பார்க்கும் அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னாள். அக்கா பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாடி வீட்டுப் பசங்க விளையாடுவாங்க. போய் அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பாசமாப் பேசு, எல்லாம் சரியாப் போகும்" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "மெதுவாப் பேசுங்க. பொண்ணு உள்ள தூங்குறா."

"அம்மா, நான்தாம்மா. வேலையில இருக்கேன்."

அந்தப் பக்கம் போனை எங்கோ வைக்கிற சத்தம். நடையில் அம்மாவின் செருப்புச் சத்தம், தயங்கித் தயங்கி, ஊசிக்காரியின் அறைப் பக்கம் போகிறது. கதவு கிறீச்சிடுகிறது. அதற்கப்புறம் வந்த செருப்புச் சத்தத்தில் தயக்கமே இல்லை. ஓட்டமாக இருந்தது. போன் வைக்கப்பட்டது.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பூரிப்பெல்லாம் வடிந்து, முகம் பிழிந்த துணியாக இருந்தது. உள்ளே கையைக் காட்டினாள்.

ஊசிக்காரியின் கட்டிலில் போர்வை ஆள் படுத்து எழுந்த மாதிரி கலைந்திருந்தது. தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது. அவள் மோந்து பார்த்தாள். மண் வாசனை. தலையணையில் ஒட்டியிருந்த முடி அவள் முடியைவிட நீளம்.

குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு குவளை. நிதானம். இன்னொரு குவளை.

கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. மாடி வீட்டுப் பையன்கள் இல்லை. மாமா இல்லை. அம்மா வாசல்படியில் இருக்கிறாள். ஊசிக்காரி கதவருகே போய் நின்றாள். எதைக் கேட்பது என்று தெரியாதபோது மனுஷிக்குப் பழகின கேள்விதானே வாயில் வரும்.

"உங்க பேர் என்ன?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது. கீழ் இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. மூன்று வயதுக் குழந்தையின் பாதம் அத்தனை வெளிச்சத்தை மறைக்காது.

மெதுவாக, அவளிடமே அந்தக் கேள்வி திரும்பி வந்தது. "உங்க பேர் என்ன?"

அவள் குரல்தான் அது. நோயாளிகளிடம் கேட்கிற அதே ராகம்.

அப்போதாவது ஓடியிருக்கலாம். ஆனால் பயத்துக்கு அடியில் இத்தனை நாள் தேங்கியிருந்த ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. என் கட்டில், என் தலையணை, என் அம்மா. "என் பேரா? கேட்டுக்கோ" என்று புதுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னாள். "இதுதான் என் பேர். பழசு உன்னோடது, நீயே வச்சுக்கோ. எனக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போயிடு."

உள்ளே ஒரு முணுமுணுப்பு. புதுப் பெயர். ஒரு தடவை. இன்னொரு தடவை. வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்க்கிற மாதிரி.

அவள் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. ஆளில்லை. தரை மட்டும் சேறாக இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா அழுதாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, உண்ணாமல், கண்ணீரைத் துடைக்காமல் அழுதாள். "முதல் நாள் சந்தோஷமாத்தான் இருந்துச்சுடி. மறைக்க மாட்டேன். என் குழந்தை வந்துட்டான்னு நினைச்சேன். மத்தியானம் போர்வையைத் தூக்கிப் பாத்தேன். குழந்தை இல்லடி அது. வளந்திருக்கு. உன்னைவிட வளந்திருக்கு. கண்ணைத் திறந்துகிட்டே தூங்குது."

"நீ கூப்பிடாதேம்மா. அந்தப் பேரைக் கூப்பிடாதே, அது வராது."

"கூப்பிடாம என்னால கதவைச் சாத்த முடியாதுடி. கை வராது."

"அப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெற்று வளர்த்த இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன்னைப் பார்க்கிறாள், தனக்குப் பின்னால் நிற்கிற யாரையும் பார்க்கவில்லை என்று ஊசிக்காரிக்குத் தோன்றியது. "வாய்க்குப் பழகலையே" என்றாள் அம்மா. "நாளைக்குச் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். எனக்கு நீதான்டி வேணும்." ஊசிக்காரி எச்சில் கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். குளியலறைக் கதவருகே தான் உரக்கச் சொன்னது மட்டும் மனசின் ஒரு மூலையில் உறுத்தியது. அந்தச் சந்தோஷத்தில் அதைத் தள்ளிவிட்டாள்.

அன்றைக்குப் பின்கதவை ஊசிக்காரியே சாத்தினாள்; இரண்டு பேரும் முன்னறையில், விளக்கை அணைக்காமல், ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். எதுவும் வரவில்லை.

மறுநாள் மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. அவள் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக ஊற்ற ஆரம்பித்தது. பஸ் ஊர்ந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை; மற்றதையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். தலை சொட்டச் சொட்ட, வெள்ளை மேலங்கி உடம்போடு ஒட்ட, காலெல்லாம் சேறாக வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. முன்கதவு சாத்தியிருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

உள்ளே அம்மா கூப்பிட்டாள்.

புதுப் பெயர்.

முதல் எழுத்தில் கொஞ்சம் தடுக்கி, நடுவில் சரியாகி, கடைசியில் செல்லமாக இழுத்து. மழைக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. ஓங்கின கை அப்படியே நின்றது. இதற்குத்தானே. இது ஒன்றுக்குத்தானே. ஒரே ஒரு மூச்சு நேரம், அதை உள்ளே வாங்கிக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

"இருக்கேம்மா" என்றது உள்ளே அவள் குரல். "பின்பக்கமா வந்துட்டேன். நல்லா நனைஞ்சுட்டேம்மா."

தாழ்ப்பாள் முனகிக்கொண்டு போய் விழுந்தது. அடுத்து முன்கதவின் தாழ்ப்பாளும்.

"அம்மா!" கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். "அம்மா, கதவைத் திற! நான்தான்!"

தாழ்ப்பாள் அசையவில்லை.

"எந்த நான்?" அம்மாவின் குரல் கதவுக்கு ரொம்பக் கிட்டத்தில்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். கத்தினாள். கெஞ்சினாள். சொல்லச் சொல்ல அது அடுத்த வீட்டுக்காரி பெயர் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

"அவ உள்ள இருக்கா" என்றாள் அம்மா. குரல் உடைந்தது. கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள், அது தெரிந்தது. "குரலை மாத்தாதே தங்கம். அம்மாவுக்குத் தெரியும் நீ யாருன்னு. அன்னைக்கும் உன்னை மழையில விட்டேன். இன்னைக்கும் விடுறேன். பாவி நான். என்னை மன்னிச்சுடு. ஆனா இவளை என்கிட்ட விட்டுடு. இத்தனை நாள் நான் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லடா. இவதான் என் பொண்ணு. எனக்கு இவ வேணும்."

ஊசிக்காரி வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்வது?

ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் வழிகிற தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு முகத்தை வைத்தாள். முன்னறையில் விளக்கு எரிந்தது. அம்மா கதவில் முதுகைச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நடையிலிருந்து ஒருத்தி வந்தாள். உயரமாக. தலையில் ஊசிக்காரியின் துண்டு முகத்தை மறைத்துத் தொங்கியது. துவைத்து மடித்து வைத்திருந்த இன்னொரு வெள்ளை மேலங்கியைப் போட்டிருந்தாள்; அதன் கை நீளம் எட்டாமல், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. துண்டுக்கு உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் அங்கியில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவின் தோளில் கையை வைத்தாள். வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய கை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, நகம் கழன்று போயிருந்தது.

அம்மா கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்து, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்லி, தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.